நாலு விரற்கடை

பாலாடைக்கட்டி ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து
உப்புநீர் வாடை போகாத கையோடு
பேண்டு அறையைத் திறக்கிறேன்.
சாவோ ஜோர்ஜ் தீவில் இன்றைக்கும் மழை.

பத்தொன்பது வருஷம் இரண்டாம் டிராம்போன் ஊதியவள்
முழுத்தாளை இப்போதுதான் பார்க்கிறேன்.
எனக்கு வந்ததெல்லாம் ஒற்றை வரி:
ஒரு சுரம், மூச்சு, காத்திருப்பு, மறுபடி ஒரு சுரம்.
ஊரே பேசும் கூட்டத்தில்
"ஆமாம்" மட்டும் சொல்கிறவளின் வசனம்.

புது பேண்டு மாஸ்டர் உலிசெஸ்
பிழை பார்க்கச் சொல்லி, பென்சிலும் ரப்பரும் வைத்துவிட்டு
தெர்செய்ராவுக்குக் கப்பலேறிவிட்டான்.
ஒரு துண்டுச்சீட்டு மட்டும்:
"மூன்றும் கோட்டில், இல்லை மூன்றும் இடைவெளியில் என்றால்
அடியில் இருப்பவர்தான் வீட்டுக்காரர்.
நடுவே ஓட்டை தெரிந்தால் வீடு புரண்டிருக்கிறது.
ஓட்டைக்கு மேலே நிற்பவரைக் கேள்."

புரிகிறது.
அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாய் மூன்று கட்டிவட்டம்.
யாரோ அடிவட்டத்தை உருவி
உச்சியில் வைத்துப் போயிருக்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் படம் எல்லாவற்றையும் சொல்வதில்லை.
டோ மி சோல், ரே ஃபா லா,
இரண்டும் கண்ணுக்கு ஒரே அடுக்கு.
ஒன்று ஏன் விடிகிறது, ஒன்று ஏன் இருட்டுகிறது?
கோடுகளைச் சமதூரத்தில் அச்சடித்தவன் பொய் சொல்கிறான்.
மியும் ஃபாவும் தோள் உரச நிற்கிறார்கள்,
சியும் டோவும் அப்படியே.
அந்த நெருக்கம் மேல்மாடியில் விழுந்தால் மேஜர்,
கீழ்மாடியில் விழுந்தால் மைனர்.
இரண்டு மாடியிலும் விழுந்தால், சி ரே ஃபா,
உட்காரவும் மாட்டாமல் கிளம்பவும் மாட்டாமல்
வாசலில் நிற்கிற விருந்தாளி.

இப்படியே ஒன்பது பக்கம்.
ஒரு கிளாரினெட்டில் புள்ளி விட்டுப்போயிருந்தது.
தூபாவில் ஒரு சுரம் படி தவறியிருந்தது.

பிறகு சவ ஊர்வல இசை, கடைசி அளவு.
தூபாக்கள் டோ. கிளாரினெட்கள் சோல்.
டிரம்பெட்கள் டோவும் சோலும்.
சாக்ஸபோன்கள் சோல்.
நடுச்சுரத்தை வரி வரியாய்த் தேடி இறங்குகிறேன்.
இருபத்திரண்டு வரியில் ஒரே ஒரு மி.
என்னுடையது.

தலைப்பில் மூன்று ஃபிளாட் உண்டு. ஆக மி இறங்க வேண்டும்.
ஆக மைனர். சவப்பெட்டிக்குப் பின்னால் வேறென்ன?

என் தாளை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன்.
அதே மிக்கு முன்னால் பென்சிலில் ஒரு நேச்சுரல்.
கீழே, எறும்பெழுத்தில், "லூசீலியாவுக்காக".
எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அவெலினோ,
கனடா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம்.
லூசீலியா யாரென்று எனக்குத் தெரியாது.

தெரியாமலே நாற்பத்தொரு பேரை
அந்த நேச்சுரலோடு அனுப்பியிருக்கிறேன்,
என் அப்பா உட்பட.
"உங்க பேண்டு மட்டும் கடைசியில
எங்கேயோ ஒரு ஜன்னலைத் திறக்குது" என்று
அடுத்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.
யார் கை என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்ததில்லை.

நாளைக்கு கௌதென்சியோவின் அடக்கம்.
மேய்ச்சல் நிலத்து எல்லைக்காக
ஏழு வருஷம் என்னோடு பேசாதவன்.
வணக்கம் சொன்னால் மாட்டைப் பார்ப்பான்.

இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு
குழல் நாலு விரற்கடை நீளும்.
மிக்கும் ஃபிளாட் மிக்கும் நடுவே என் கையில் இருப்பது அவ்வளவுதான்.
அவன் நகர்த்திய கல்வேலியும்
அளந்து பார்த்தால்
அவ்வளவுதான் இருக்கும்.

ரப்பரை எடுத்தேன். விரல் பட்ட இடமெல்லாம் உப்பு.
கீழே வைத்தேன்.
பிழைப் பட்டியலில்
"ஊர்வல இசை, கடைசி அளவு, இரண்டாம் டிராம்போன்" என்று எழுதி
எதிரே இருந்த கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.